மாடிப்படிக்குக் கீழே கிடந்த 1918 இந்தூர் நகரத் திட்ட நூல்: என்ன செய்யலாம்?

கொசப்பேட்டை வாசகன்

வணக்கம். நம்ம வேலூர்ப் பக்கம் ஒரு நூலகம். எது என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள், அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்கள், என்னால் அவர்களுக்குத் தொல்லை வரக்கூடாது. போன சனிக்கிழமை தம்பிக்குப் போட்டித் தேர்வுப் புத்தகம் தேடப் போனேன். மாடிப்படிக்குக் கீழே சணல் கயிறு போட்டுக் கட்டிய புத்தகக் கட்டுகள் ஏழெட்டு இருந்தன. செருப்பு வார் அறுந்துவிட்டது, சரி செய்யலாம் என்று ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் நான் உட்கார்ந்திருந்தது பேட்ரிக் கெட்டிஸ் மேல்!

'டவுன் பிளானிங் டுவர்ட்ஸ் சிட்டி டெவலப்மென்ட்', இந்தூர் தர்பாருக்கு அவர் கொடுத்த அறிக்கை, 1918. இந்தூரிலேயே, ஹோல்கர் சமஸ்தான அச்சகத்தில் அச்சானது. மொத்தம் இரண்டு பாகம், அந்தக் கட்டில் முதல் பாகம் மட்டும் இருந்தது. முதுகு பிய்ந்திருக்கிறது, ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்துகள் தப்பித்துவிட்டன. உள்ளே மடித்து வைத்த வரைபடம் ஒன்று, பிரித்தால் கிழிந்துவிடுமோ என்று பிரிக்கவில்லை. முதல் பக்கத்தில் வயலெட் மையில் வட்ட முத்திரை, பாதி அழிந்துபோய் 'நார்த் ஆர்க்காட்' என்பது மட்டும் படிக்க முடிகிறது.

கேட்டால் அந்தக் கட்டுகள் எல்லாம் கழிவு செய்ய ஒதுக்கியவையாம். யாரும் எடுப்பதில்லை, இடமும் இல்லை. எடைக்குப் போய்விடுமோ என்று அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நான் விலைக்குக் கேட்கலாமா? ஜெராக்ஸ் எடுக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

யார் சார் இந்த கெட்டிஸ்? இந்தூருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

பழைய புத்தகப் பைத்தியம்

ஐயோ, இவரைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்துக்காரர், 1854-ல் பிறந்தவர். அடிப்படையில் உயிரியல் ஆள். 25 வயதில் மெக்சிகோ போன இடத்தில் கொஞ்ச காலம் கண் தெரியாமல் போய், அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப்பை வைத்து வேலை செய்ய முடியவில்லை. செல்லைப் பார்க்க முடியாதவர் ஊரைப் பார்க்க ஆரம்பித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் ஒரு உயிராகத்தான் பார்த்தார்.

1914-ல், 60 வயதில், மதராஸ் கவர்னர் பென்ட்லண்ட் கூப்பிட்டு இந்தியா வந்தார். நகரங்களைப் பற்றிய பெரிய கண்காட்சி ஒன்றை, வரைபடம், படம், மாதிரி என்று வருடக்கணக்கில் சேர்த்ததை, வேறொரு கப்பலில் அனுப்பினார். கிளான் கிராண்ட் என்று கப்பல் பெயர். அதை நடுக்கடலில் மூழ்கடித்தது யார் தெரியுமா? எம்டன்! அந்த செப்டம்பரில் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன். இன்றைக்கும் வீட்டில் கறாரான ஆளை 'சரியான எம்டன்' என்கிறோமே, அதேதான். மனுஷன் அசரவில்லை. நண்பர்கள் மறுபடி புதிதாகச் சேர்த்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அப்புறம் தஞ்சாவூர், மதுரை, காஞ்சிபுரம், கோயம்புத்தூர், பெல்லாரி என்று ஊர் ஊராக நடந்து பார்த்து அறிக்கை எழுதினார். நடந்து என்றால் நிஜமாகவே நடந்து, சந்து சந்தாக.

1917-ல் இந்தூர் வேலை. அதே வருஷம் ஏப்ரலில் மகன் பிரான்ஸ் போர்முனையில் செத்துப்போனான், ஜூனில் மனைவி கல்கத்தாவில் காய்ச்சலில் போய்விட்டார். அந்த துக்கத்தோடு எழுதிய புத்தகம் இது. நீங்கள் உட்கார்ந்ததை அவர் மன்னிப்பார் :)

சத்துவாச்சாரி சிவில்

இந்த இழையில் நான்தான் வில்லன் போலிருக்கிறது. இந்தப் புத்தகம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏதோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பிரதியை ஸ்கேன் செய்து ஆர்கைவ் தளத்தில் போட்டு வருஷக்கணக்காகிறது. ரெண்டு பாகமும் இருக்கிறது. பூச்சி அரித்த பிரதிக்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்? நூலகத்தில் இடம் இல்லை என்பது உண்மையான பிரச்சினை. படிக்க வரும் பிள்ளைகளுக்கு நாற்காலி போட இடமில்லை, நூறு வருஷத்துக்கு முந்தைய இந்தூர் சாக்கடைக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நூலகத்தில் இருந்தவன்

33 வருடம் இந்தத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கமும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வாசகன் தம்பிக்கு. விலைக்குக் கேட்காதீர்கள். வரவுப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் அரசுச் சொத்து, நூலகர் நினைத்தாலும் உங்கள் கையில் கொடுக்க முடியாது. காணாமல் போனால் தணிக்கையில் அவர் கைக்காசு போகும். நான் இரண்டு முறை கட்டியிருக்கிறேன், ஒரு தடவை சமையல் குறிப்புப் புத்தகத்துக்கு! நூலகர்கள் நல்ல புத்தகத்தைப் பூட்டி வைப்பதைப் பார்த்துத் திட்டுகிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கழிவு செய்வதும் இஷ்டப்படி நடப்பதில்லை, பட்டியல் எழுதி மேலே அனுப்பி அனுமதி வர வேண்டும். ஆக, கட்டி வைத்திருப்பதாலேயே நாளைக்கு எடைக்குப் போகும் என்று அர்த்தமில்லை. உங்களுக்கு நேரம் இருக்கிறது. பட்டியல் எழுதியாகிவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். எழுதவில்லை என்றால், இது இன்ன புத்தகம், குறிப்புதவிப் பகுதிக்கு (ரெபரன்ஸ்) மாற்றுங்கள் என்று வாசகர் வட்டம் சார்பில் ஒரு கடிதம் கொடுங்கள். தனி ஆள் கடிதத்தை விட அதற்கு மரியாதை உண்டு.

அடுத்து சிவில் சார். ஸ்கேன் இருக்கிறது என்பது சரி. ஆனால் இப்படி மடித்து வைத்த வரைபடங்களைப் பல ஸ்கேன்களில் பிரிக்காமலே விட்டுவிடுவார்கள், அவசர வேலை. படத்தின் முதுகு மட்டும்தான் திரையில் தெரியும். நகரத் திட்ட நூலில் வரைபடம் இல்லை என்றால் என்ன மிச்சம்?

ஜெராக்ஸ் வேண்டவே வேண்டாம். கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் இருக்கிற முதுகும் போகும்.

ஆரணி ரோடு அக்கா

அந்த முத்திரை எனக்கு ஒரு யோசனை தருகிறது. வட ஆற்காடு மாவட்டத்துக்கு முதலில் சித்தூர்தானே தலைநகரம்? 1911-ல் சித்தூர் தனி மாவட்டமான பிறகுதான் கலெக்டர் ஆபீஸ் வேலூருக்கு வந்தது. அப்போது வண்டி வண்டியாக வந்த புத்தகங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். சித்தூரிலிருந்து வந்த இந்தூர் புத்தகம்!

காட்பாடி ஜங்ஷன்

அக்கா, புத்தகம் அச்சானதே 1918. 1911 வண்டியில் எப்படி ஏறும்?

ஆரணி ரோடு அக்கா

அட ஆமாம். வயசாகிவிட்டது தம்பி, விட்டுவிடு. வேலூருக்கு நேராகவே வந்திருக்கிறது என்று திருத்திக்கொள்கிறேன்.

கொசப்பேட்டை வாசகன்

இன்று மறுபடி போனேன். நூலகர் அம்மா அரை நாள் மேஜையில் வைத்துப் பார்க்க விட்டார். டீயை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னார். பட்டியல் இன்னும் எழுதவில்லையாம், அப்பாடா.

பென்சில் குறிப்புகள் இருக்கின்றன! மொத்தம் ஆறோ ஏழோ. பெரும்பாலும் ஓரத்தில் ஒரு கோடுதான். தண்ணீர், சாக்கடை பற்றி வருகிற பகுதியில் ஒரு இடத்தில் மட்டும் தமிழில் 'ஓட்டேரி?' என்று எழுதி, கீழே 'மலையடி ஓடை' என்று இருக்கிறது. அந்த 'லை' பழைய லை, தும்பிக்கை தூக்கின மாதிரி கொம்பு வைத்த எழுத்து. யாரோ நம்ம ஊர் ஆள் இந்தூரைப் படித்துக்கொண்டே ஓட்டேரி ஏரியை நினைத்திருக்கிறார். படித்ததும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழைய லை என்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் எழுதியது என்று அடித்துச் சொல்லலாம் இல்லையா?

நூலகத்தில் இருந்தவன்

சொல்ல முடியாது. நானே இன்றைக்கும் கையெழுத்தில் பழைய லைதான் போடுகிறேன். பழகிய கை அரசாணையைக் கேட்காது. ஆனால் எழுதியவர் பழைய எழுத்தில் படித்து வளர்ந்தவர் என்பது நிச்சயம். அவர் யார் என்று ஊகம் செய்து கதை கட்டாதீர்கள். அந்தப் பென்சிலை அழிக்கவும் விடாதீர்கள், சுத்தம் செய்கிறேன் என்று ரப்பர் எடுக்கிற நல்லவர்கள் உண்டு.

சத்துவாச்சாரி சிவில்

சரி, 'ஓட்டேரி?' விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். அது எந்த ஸ்கேனிலும் இருக்காது.

ஆனால் கெட்டிஸ் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. படிக்கிற காலத்தில் எங்களுக்கும் ஒரு வகுப்பில் இவரைச் சொல்லிக் கொடுத்தார்கள். பழைய தெருவை இடிக்காதே, சந்துகளை அப்படியே வை, மரம் நடு என்பார். கேட்க நன்றாக இருக்கிறது. லாங் பஜாரில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படிப் போகும்? ஆம்புலன்ஸ் போகிற ஊர் இது, மற்ற ஊரை விட நமக்கு அகலமான சாலை அதிகம் தேவை. சாலையை அகலப்படுத்துகிறவன் எல்லாம் கொலைகாரன் மாதிரி பேசுவது அவருடைய ரசிகர்களுக்கு வழக்கம்.

பழைய புத்தகப் பைத்தியம்

சிவில் சார், உங்களுக்கு அரைகுறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், கோபிக்க வேண்டாம். எதையும் தொடாதே என்று அவர் சொல்லவில்லை. அவர் வார்த்தை 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி'. அறுவைதான், ஆனால் உயிரைக் காப்பாற்றுகிற அறுவை. நெரிசலான பேட்டை ஒன்றை எடுத்துக்கொண்டால், அந்தக் கால இன்ஜினீயர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுப்பார், கோடு போகிற வழியில் இருக்கிற வீடெல்லாம் காலி. வீடு போனவன் அடுத்த பேட்டையில் போய் நெருக்குவான், அங்கே நெரிசல் இரண்டு மடங்காகும். கெட்டிஸ் அந்தப் பேட்டைக்குள் நடந்து போய், எது இடிந்து விழுகிற வீடு, எது காலி மனை, எங்கே கிணறு, எங்கே மரம், எங்கே கோவில் என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். விழுகிற வீட்டை மட்டும் எடுத்தாலே பல இடத்தில் காற்று வர வழி கிடைத்துவிடும், சந்து தானாக அகலும், அந்தக் காலி இடம் தெருவுக்கு முற்றமாகும். செலவும் குறைவு. இந்தூரிலேயே அவர் புதுக் குடியிருப்புகளுக்கும் திட்டம் போட்டிருக்கிறார், பழசையே கட்டிக்கொண்டு அழுத ஆள் இல்லை.

சிகிச்சைக்கு முன்னால் நோய் என்ன என்று பார் என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்வது. ஸ்கேன் எடுக்காமல் வயிற்றைக் கிழிக்கிற டாக்டரை வேலூர்க்காரன் விடுவானா? தெருவை மட்டும் விடுகிறோம்.

சத்துவாச்சாரி சிவில்

கடைசி வரி நல்லா இருக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீடு வீடாக சர்வே எடுக்க ஆள் யார், சம்பளம் யார் தருவது என்று டெண்டர் போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எங்கள் தெருவை மூன்று வருஷத்தில் நான்கு முறை தோண்டினார்கள், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குழாய்க்கு. சர்வே எடுத்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியாமல் இல்லை.

ஆரணி ரோடு அக்கா

இந்தூர் என்றதும் எங்கள் அப்பா சொன்ன கதை ஞாபகம் வருகிறது. அந்த ஊரில் பிளேக். கெட்டிஸ் ராஜாவிடம் என்னை ஒரு நாளைக்கு மகாராஜா ஆக்குங்கள் என்று கேட்டாராம். தீபாவளிக்குப் பெரிய ஊர்வலம் வரும், எந்தத் தெருவில் வீடுகளை நன்றாகச் சுத்தம் செய்து பழுது பார்த்து வைத்திருக்கிறார்களோ அந்தத் தெரு வழியாகத்தான் வரும் என்று தண்டோரா போட்டுவிட்டார். அவ்வளவுதான், ஊரே துடைப்பமும் சுண்ணாம்புமாக இறங்கிவிட்டது. ஊர்வலத்தில் ராட்சச எலி பொம்மை ஒன்று செய்து கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, துப்புரவுத் தொழிலாளர்களை வெள்ளை உடுத்தி மாலை போட்டு ஊர்வலத்தில் மரியாதையாக நடக்க வைத்தது. வீட்டுக்கு வீடு துளசிச் செடி கொடுத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் நாம் பிளேக் மாரியம்மன் என்று கோவிலே கட்டினோம், அவர் எலியைக் கொளுத்தினார்.

இந்தக் கதை உண்மையா, அப்பா கொஞ்சம் சேர்த்துக்கொண்டாரா?

பழைய புத்தகப் பைத்தியம்

உண்மைதான் அக்கா, அவர் வாழ்க்கை வரலாறுகளில் வருகிறது. தேர் எந்தத் தெருவில் வரும் என்பதற்கு நம்ம ஊரில் என்ன பாடு படுவோம் என்று அவருக்கு யாரோ சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தின் தேர் வீதிகளைப் பார்த்து வியந்தவர் அவர், அங்கேயே கற்றுக்கொண்டிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று, அந்தப் பென்சில்காரர் ஏன் ஓட்டேரியை நினைத்தார் என்பதற்கு. அந்தக் காலத்தில் கொசு வருகிறது என்று குளம் ஏரிகளைத் தூர்க்கச் சொல்வதுதான் சுகாதார அதிகாரிகள் வழக்கம். கெட்டிஸ் அதை எதிர்த்தார். குளத்தை மூடாதே, சுத்தமாக வை, மீன் விடு, வாத்து விடு, அவை கொசுப்புழுவைத் தின்னும் என்றார். ஊர் பூராவும் தண்ணீருக்கு ஓட்டேரியை நம்பியிருந்த காலத்தில் ஒருவர் அப்படிப்பட்ட பேச்சைப் படித்தால் ஓரத்தில் பென்சில் எடுக்கத்தானே செய்வார்.

காட்பாடி ஜங்ஷன்

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமியில்லாத கோவில் என்று நம்ம ஊரைக் கிண்டல் செய்வார்களே. சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்ப வந்துவிட்டார். ஆற்றில் 2021 நவம்பரில் வந்த தண்ணீரைப் பார்த்து விருதம்பட்டில் எங்கள் மாமா வீட்டில் பீரோவை மாடிக்குத் தூக்கினோம். ராஜா மட்டும்தான் பாக்கி.

கேள்வி: நாமே போட்டோ எடுத்து இணையத்தில் போட்டால் காப்பிரைட் பிரச்சினை வருமா?

நூலகத்தில் இருந்தவன்

வராது. நம் நாட்டுச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் உரிமை முடிந்தது. கெட்டிஸ் இறந்தது 1932. நூலகத்தின் அனுமதி மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறை சொல்கிறேன். புத்தகத்தை முழுக்க விரிக்காதீர்கள். இரண்டு பக்கமும் துணி மூட்டை வைத்து, பாதி திறந்த நிலையில் தாங்கிப் பிடிக்க ஒருவர், படம் எடுக்க ஒருவர். ஜன்னல் வெளிச்சம் போதும், பிளாஷ் வேண்டாம். பக்கத்துக்கு அடியில் கறுப்புத் தாள் வைத்தால் பின்பக்க எழுத்து தெரியாது. கிழிந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் நான் நேரில் வந்து அடிப்பேன், அந்தப் பசை பத்து வருஷத்தில் தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிடக் கேடு. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவுப் பசையும், அதுவும் தெரிந்தவர் கையால். இப்போதைக்குத் தூரிகையால் தூசி தட்டி, பருத்தி நாடாவால் கட்டி, படுக்கை வசமாக வையுங்கள், போதும். சணல் கயிற்றை முதலில் அவிழுங்கள், அது அட்டையை அறுக்கும்.

இரண்டாம் பாகம் எங்கே என்று யாரும் கேட்கவில்லையே? அதில் இந்தூரில் அமைய வேண்டிய பல்கலைக்கழகம் பற்றி நீளமாக வரும். பழைய நூலகர் யாராவது அதை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுக் 'கல்வி' அலமாரியில் வைத்திருக்க வாய்ப்பு உண்டு. நானாக இருந்தால் அங்கே தேடுவேன்.

கொசப்பேட்டை வாசகன்

ஐயா, உங்கள் காலைக் காட்டுங்கள். கல்வி அலமாரி, கீழ்த் தட்டு, பி.எட். கைடுகளுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. அதே வயலெட் முத்திரை. இதன் முதுகு நன்றாக இருக்கிறது. நூலகர் அம்மா என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். இரண்டையும் சேர்த்துத் தன் மேஜைக்குப் பின்னால் இருக்கிற பூட்டு பீரோவில் வைத்துவிட்டார், வாசகர் வட்டக் கடிதம் வந்ததும் குறிப்புதவிக்கு மாற்றி எழுதுவதாகச் சொன்னார்.

இரண்டாவதில் பென்சில் குறிப்பு ஒன்றுகூட இல்லை. பக்கங்களின் மேல் ஓரம் பல இடத்தில் வெட்டாமலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம்ம பென்சில்காரர் முதல் பாகத்தோடு நிறுத்திவிட்டார் போல.

சத்துவாச்சாரி சிவில்

அந்த வெட்டாத பக்கங்களை நீங்கள் பேனாக்கத்தி வைத்து வெட்டப் போகாதீர்கள், பெரியவர் அடிப்பார்.

போட்டோ எடுக்கிற நாளைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். ஆபீசில் பெரிய வரைபடம் எடுக்கிற ஸ்டாண்டு ஒன்று சும்மா கிடக்கிறது, கேட்டு வாங்கி வருகிறேன். எனக்கு அந்த வரைபடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கொசப்பேட்டை வாசகன்

வரும் ஞாயிறு காலை பத்து மணி. தனிச் செய்தியில் இடம் சொல்கிறேன். மேஜை சின்னது, ரெண்டு மேஜையைச் சேர்த்துப் போட வேண்டியிருக்கும். யாராவது சுத்தமான பழைய வேட்டி ஒன்று கொண்டு வாருங்கள், கீழே விரிக்க.

ஆரணி ரோடு அக்கா

வேட்டி நான் கொண்டு வருகிறேன். அப்பாவுடையது இருக்கிறது.